இந்தக் கிருமிக்குக் கொழுப்பு ஜாஸ்தி!

'உனக்குக் கொழுப்பு ஜாஸ்திடா!'

லெக்சரரை எதிர்த்துப் பேசினாலும் சரி, அப்பாவிடம் பைக் கேட்டாலும் சரி... இந்த டயலாக்கை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாத காலேஜ் ஸ்டூடண்ட் தமிழ்நாட்டில் இருக்க சான்ஸே இல்லை. ஆனா நமக்கு இருப்பதெல்லாம் வெறும் வாய்க்கொழுப்பு பாஸ்! உடம்பு முழுக்க நிஜக் கொழுப்பைப் போர்த்திக்கொண்டு, அந்தத் திமிரிலேயே டாக்டர்களைத் தண்ணி குடிக்க வைக்கிற ஆசாமி ஒருத்தர் இருக்கார். பேரு, மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். சுருக்கமா, டி.பி. கிருமி. தமிழில், காசநோய்க் கிருமி.

'டி.பி.யா? அது பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் ஹீரோ இருமி, கர்ச்சீப்பில் ரத்தத்தைப் பார்த்து அதிர்ச்சி ஆவாரே, அதானே? இப்பல்லாம் ஏதுப்பா?' என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ல் மட்டும் உலகம் முழுக்க டி.பி. வந்தவர்கள் 1 கோடியே 8 லட்சம் பேர். இறந்தவர்கள் பன்னிரண்டரை லட்சம் பேர். அந்த 1 கோடியே 8 லட்சத்தில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் நம்ம இந்தியாவில்தான்.

மருந்து இருக்கு. இலவசமாகவே கொடுக்கிறாங்க. அப்புறமும் ஏன் இந்த நிலைமை? பல காரணங்களில் ஒன்று, அந்தக் கிருமியின் கொழுப்பு! 'சரி, அந்தக் கொழுப்பைத் தயாரிக்கிறது யார், எப்படி?' என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டிய இந்திய விஞ்ஞானி ஒருத்தர் இருக்கார். பெயர் ராஜேஷ் கோகலே. அவரைப் பற்றித்தான் இந்த வாரம். நடுநடுவே நம்ம காஞ்சிபுரமும் வரும். எப்படின்னு கேட்கிறீங்களா? முதலில் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

சாயம் போகாத கிருமி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் பக்கம் வந்திருக்கீங்களா? தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். பட்டுப் புடவை வாங்க வர்றவங்க கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி, 'சாயம் போகாதே?'

சாயம் போகாமல் இருக்க என்ன செய்யறாங்க தெரியுமா? பச்சைப் பட்டு நூலின் மேல் ஒரு பசை ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்து, அந்தப் பசையைக் கழற்றிவிட்டுத்தான் சாயத் தொட்டியில் இறக்குவாங்க. மேல இருக்கிற போர்வை போனால்தான் சாயம் உள்ளே ஏறும்.

டி.பி. கிருமிக்கும் ஒரு போர்வை இருக்கு. மெழுகு மாதிரியான கொழுப்புப் போர்வை. சாதாரணச் சாயத்தில் முக்கினால் லேசில் ஏறாது. ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய டாக்டர் 1882 மார்ச் 24-ம் தேதி 'டி.பி.க்குக் காரணம் இந்தக் கிருமிதான்' என்று உலகத்துக்குச் சொன்னார். அவருக்கும் முதல் தலைவலி, இந்தக் கிருமிக்கு எப்படிச் சாயம் ஏற்றுவது என்பதுதான். பிறகு வந்த முறை ரொம்ப சிம்பிள். சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடு காட்டணும். சூட்டில் போர்வை இளகி, சாயம் உள்ளே போய்விடும். அதற்கப்புறம் கந்தக அமிலத்தையே ஊற்றிக் கழுவினாலும் வெளியே வராது! மற்ற கிருமிகளெல்லாம் வெளுத்துப் போக, இது மட்டும் சிவப்பாக நிற்கும். லேப் டெக்னீஷியன் மைக்ரோஸ்கோப்பில் தேடுவது அந்தச் சிவப்புக் குச்சிகளைத்தான். மரபணுவைப் பார்த்துச் சொல்லும் மெஷின்கள் இன்று வந்துவிட்டாலும், நூறு வருஷத்துக்கு மேல் டி.பி.யைக் கண்டுபிடிக்க உதவியது இந்தச் 'சாயம் போகாத' குணம்தான்.

எந்தப் போர்வையால் அதைக் கண்டுபிடிக்க முடிகிறதோ, அதே போர்வைதான் அதன் கவசமும். பல மருந்துகள் உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நிற்கும்.

நல்லெண்ணெயும் மைக்காலிக் ஆசிட்டும்

கொழுப்பு என்றாலே கெட்டது என்று நினைக்காதீங்க. உங்க உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லையும் சுற்றி நிற்கும் சுவர், கொழுப்பால் ஆனது. உள்ளே எது வரலாம், வெளியே எது போகலாம் என்று அங்கேதான் முடிவாகிறது. ஹார்மோன்கள் சிலவற்றைச் செய்யவே கொலஸ்ட்ரால் வேண்டும். எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால் என்று இந்தக் குடும்பம் மொத்தத்துக்கும் விஞ்ஞானிகள் வைத்த பெயர் லிப்பிட்.

நம் சமையல் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் கோத்த சங்கிலி. டி.பி. கிருமியின் ஸ்பெஷல் சரக்கான மைக்காலிக் ஆசிட்டில் எத்தனை தெரியுமா? 60-லிருந்து 90 வரை! கிருமியின் சுவர் எடையில் 60 சதவீதம் வரை லிப்பிட்தான். இவ்வளவு பெரிய சங்கிலிகளைக் கோத்துக் கோத்துச் சுவர் கட்டுகிற கிருமி, வளர்வதிலும் சோம்பேறி. நம் குடலில் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிஷத்தில் இரண்டாகிவிடும். இதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும்!

1998-ல் இந்தக் கிருமியின் மொத்த ஜீனோமும் படிக்கப்பட்டது. சுமார் 44 லட்சம் எழுத்துக்கள், ஏறத்தாழ 4,000 ஜீன்கள். பார்த்தவர்களுக்கு ஷாக். லிப்பிட் சம்பந்தமான வேலைகளுக்கு மட்டும் கிட்டத்தட்ட 250 ஜீன்கள்! ஈ.கோலையில் 50 பக்கம்தான். இவ்வளவு சின்னக் கிருமி, தன் சொத்தில் இத்தனை பெரிய பங்கைக் கொழுப்புக்கு ஒதுக்கி வைத்திருக்கிறது என்றால், சும்மாவா இருக்கும்?

போல்ட்டு போட்ட என்சைம்

இந்த இடத்தில்தான் கோகலே வருகிறார். ஆனால், அவர் டி.பி.யில் ஆரம்பிக்கவில்லை.

மும்பை ஐ.ஐ.டி.யில் மாஸ்டர்ஸ். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பிஹெச்.டி. அங்கே பேராசிரியர் பி.பலராமின் குழுவோடு சேர்ந்து அவர் செய்த வேலையைக் கேட்டால், என்னை மாதிரி மெக்கானிக்கல் பசங்க விசில் அடிப்பாங்க. தைமிடிலேட் சின்தேஸ் என்று ஒரு என்சைம். இரண்டு பாதிகள் ஒட்டி நின்றால்தான் வேலை செய்யும். சூடு ஏறினால் கெட்டுப் போகும். அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் சல்ஃபர் அணுக்களால் இரண்டு பாலம் போட்டாங்க. இரண்டு பிளேட்டைச் சேர்த்து போல்ட்டு முடுக்குகிற மாதிரி! என்சைம் முன்னைவிட அதிகச் சூட்டைத் தாங்கியது. 1994-ல் வெளிவந்தது அந்தப் பேப்பர்.

அடுத்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட். அங்கே சைத்தன் கோஸ்லாவின் லேப். எரித்ரோமைசின் மாதிரி ஆன்டிபயாடிக்குகளை மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் எப்படித் தயாரிக்கின்றன என்பது அங்கே கேள்வி. அதற்காக இருப்பது பாலிகீட்டைட் சின்தேஸ். நாம் பி.கே.எஸ். என்று சுருக்கிக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஃபேக்டரிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனீங்கன்னா பார்த்திருப்பீங்களே, அசெம்பிளி லைன்... அதேதான். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு பார்ட் மாட்டப்பட்டு, பாதி செய்த மூலக்கூறு அடுத்த ஸ்டேஷனுக்கு நகரும். ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனை எப்படி அடையாளம் கண்டு சரக்கைக் கைமாற்றுகிறது? இதைப் பற்றி கோகலேயும் குழுவினரும் எழுதிய பேப்பர் 1999-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது.

ஒரு என்சைமின் இரண்டு பாதியைச் சேர்ப்பது, ஒரு ஸ்டேஷனை இன்னொரு ஸ்டேஷனோடு சேர்ப்பது... ரெண்டு வேலையிலும் ஒரே கேள்விதான் ஓடுது, கவனிச்சீங்களா? 'இதுவும் அதுவும் எங்கே, எப்படிச் சேருது?' அந்தக் கேள்வியோடு அவர் வந்து சேர்ந்த இடம், டெல்லியில் உள்ள தேசிய நோய் எதிர்ப்பியல் நிறுவனம். அங்கே கையில் எடுத்ததுதான் டி.பி. கிருமி. ஏன்னா, அதற்குள்ளும் பி.கே.எஸ். அசெம்பிளி லைன்கள் இருப்பதாக ஜீனோம் காட்டிக் கொடுத்திருந்தது. ஆன்டிபயாடிக் தயாரிக்காத கிருமிக்கு எதுக்கு அந்த மெஷின்? கொழுப்பு தயாரிக்க!

டோக்கனோடு ஓடிய கொழுப்பு

இப்ப கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, கேன்டீனை வைத்தே சொல்லிடறேன்.

செல்லுக்குள் ஒரு கொழுப்பு அமிலம் சும்மா கிடந்தால் அதை யாரும் பயன்படுத்த முடியாது. அதை முதலில் 'ஆக்டிவேட்' பண்ணணும். அது இரண்டு ஸ்டெப். முதல் ஸ்டெப், ஏ.எம்.பி. என்ற துண்டு ஒட்டுவது. இது கேன்டீனில் டோக்கன் வாங்குகிற மாதிரி. இரண்டாவது ஸ்டெப், அந்தத் துண்டைக் கழற்றிவிட்டு கோ-என்சைம் ஏ என்ற கைப்பிடியை ஒட்டுவது. இது டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தட்டை வாங்குவது. அதுவரை தெரிந்த என்சைம்கள் இந்த இரண்டையும் ஒரே கவுன்ட்டரில் முடித்துக் கொடுத்தன. டோக்கனோடு யாரும் வெளியே போவதில்லை.

டி.பி. கிருமியில் இந்த வேலைக்கு ஃபாட்-டி என்ற பெயரில் 36 ஜீன்கள் இருப்பதாக ஜீனோம் படித்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். மற்ற உயிரினங்களில் இருப்பதைப் போலவே எழுத்து வரிசை இருக்கிறது, அதனால் வேலையும் அதேதான் என்று ஒரு கணக்கு. எதுக்குப்பா 36? பெரும்பாலானவர்கள் அதைக் கடந்து போய்விட்டார்கள்.

கோகலேயின் குழு நின்று பார்த்தது. அந்த 36-ல் சில ஜீன்கள் மட்டும் பி.கே.எஸ். ஜீன்களுக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்து உட்கார்ந்திருந்தன. பாக்டீரியாவில் பக்கத்துப் பக்கத்து வீட்டு ஜீன்கள் பெரும்பாலும் ஒரே வேலையில் கூட்டாளிகள். சந்தேகம் வந்தது. அந்த என்சைம்களைத் தனியே பிரித்து, டெஸ்ட் ட்யூபில் வேலை செய்ய வைத்தார்கள்.

ரிசல்ட்? அவை இரண்டாவது ஸ்டெப்புக்கே போகவில்லை! கொழுப்பு அமிலத்துக்கு டோக்கனை ஒட்டி, டோக்கனோடேயே பி.கே.எஸ். அசெம்பிளி லைனிடம் ஒப்படைத்தன. அங்கே சங்கிலி மேலும் மேலும் நீண்டது. உலகத்துக்கே புதிதான என்சைம் வகை. 2004 மார்ச்சில் 'நேச்சர்' இதழில் வந்தது.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைப்பது இன்னும் ஈஸி. கோர்வைப் புடவை! உடலுக்கு ஒரு நிற ஊடை, கரைக்கு வேறு நிற ஊடை. இரண்டு கரைக்கும் உடலுக்குமாக மூணு நாடா ஓடும். உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு ஓட்டத்திலும் இழையோடு இழையைக் கோத்துக்கொண்டே வரணும். 'புடவை கிழிந்தாலும் கரை பிரியாது' என்று பெருமையாகச் சொல்வார்கள். டி.பி. கிருமியிலும் அப்படித்தான். கொழுப்பு அமிலம் நெய்யும் தறி ஒன்று, பி.கே.எஸ். என்ற தறி இன்னொன்று. இரண்டையும் கோக்கிற கையைத்தான் அந்தக் குழு கண்டுபிடித்தது.

அந்தக் கோர்வையில் உருவாகும் சரக்குகளில் ஒன்று பி.டி.ஐ.எம். என்ற மெழுகு. இது இல்லாமல் செய்த டி.பி. கிருமிகளால் எலியின் நுரையீரலில் சரியாகப் பெருக முடியவில்லை என்று 1999-லேயே அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். ஆக, கோக்கிற கையைப் பிடித்துவிட்டால் கிருமியின் திமிரை அடக்கலாம்!

இதில் ஒரு விஷயம் ஸ்டூடண்ட்ஸ் கவனிக்கணும். 2004 பேப்பரில் முதல் பெயர் கோகலேயுடையது இல்லை. முதல் பெயர் ஓ.ஏ.திரிவேதி, இரண்டாவது பி.அரோரா. இருவரும் அந்த லேபில் கை வலிக்க வேலை பார்த்த இளம் ஆராய்ச்சியாளர்கள். கோகலே பெயர் கடைசியில். ரிசர்ச் உலகத்தில் வழக்கம் அதுதான். வேலையைச் செய்தவர் முன்னால், லேபை நடத்துபவர் பின்னால்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களும் சந்தோஷப்படலாம். ஜீன்களையும் புரதங்களையும் கம்ப்யூட்டரில் ஆராயும் தேபாஷிஷ் மொகந்தியின் பெயரும் அதே பேப்பரில் இருக்கு. ஃபிசிக்ஸ் ஆசாமிகளுக்கும் இடம் உண்டு. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் புரதங்களைப் படிகமாக்கி எக்ஸ்-ரே மூலம் வடிவம் காணும் ராஜன் சங்கரநாராயணன் குழுவோடு சேர்ந்து, 2009-ல் அடுத்த அடி வைத்தார்கள். டோக்கனோடு நிற்கும் என்சைமுக்கும் தட்டு வரை போகும் என்சைமுக்கும் என்ன வித்தியாசம்? நடுவில் செருகிய ஒரு சின்னத் துண்டு! அங்கே கை வைத்தபோது ஒன்று மற்றொன்றாக மாறியது. இந்த என்சைம்களைத் தடுக்கும் மருந்து வந்தால், ஒரே அடியில் கிருமியின் பல கொழுப்புகளின் தயாரிப்பை நிறுத்தலாம் என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அந்த வகையில் ஒரு என்சைம் ஃபாட்-டி 32. மைக்காலிக் ஆசிட் செய்ய அது கட்டாயம் வேண்டும். 2013-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், அதைத் தடுக்கும் கூமரின் வகை மூலக்கூறுகளால் டி.பி. கிருமியைக் கொல்ல முடியும் என்று காட்டினார்கள். மருந்துக் கடைக்கு வந்துவிட்டதா? இன்னும் இல்லை. டெஸ்ட் ட்யூபிலிருந்து மாத்திரைக்கு வரும் பாதை அவ்வளவு நீளம்.

கோகலே அதற்குள் நிறையப் பார்த்துவிட்டார். 2006-ல் பட்நாகர் விருது. 2009-ல் டெல்லி ஐ.ஜி.ஐ.பி. நிறுவனத்தின் இயக்குநர். அங்கே தோலில் வரும் வெண்புள்ளி பற்றியும் ஆராய்ச்சி. 2013-ல் இன்ஃபோசிஸ் பரிசு. 2021-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் பொறுப்பு.

சேத்துப்பட்டில் அடித்த முதல் அடி

'டெல்லி, ஹைதராபாத், அமெரிக்கா... நம்ம பக்கம் ஒண்ணும் இல்லையா?' என்று கேட்பீங்க. இருக்கு. உலகமே பாடமாகப் படிக்கிற அளவுக்கு இருக்கு.

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கான ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. டி.பி. வந்தால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் போய்ப் படுக்கணும், முட்டை, பால் என்று சத்தாகச் சாப்பிடணும் என்று உலகம் நம்பிய காலம் அது. ஏழைக்கு அதெல்லாம் எங்கே? வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டரின் தலைமையில் இங்கே ஒரு பரிசோதனை நடந்தது. நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்தில், மறுபாதியினர் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாத்திரைகள், ஒரு வருஷம். 1959-ல் வந்த முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்! அவர்கள் வீட்டில் கூட இருந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட அது ஒரு முக்கியக் காரணம்.

அதில் கொடுத்த முக்கிய மாத்திரையின் பெயர் ஐசோநயசிட். இன்றைக்கும் டி.பி. சிகிச்சையில் இருக்கு. அந்த மாத்திரை கிருமியை எங்கே அடிக்கிறது தெரியுமா? மைக்காலிக் ஆசிட் தயாரிப்பில்! போர்வையை நெய்கிற தறியையே நிறுத்துகிறது. ஆனா, சேத்துப்பட்டில் அதைக் கொடுத்த காலத்தில் யாருக்கும் அது தெரியாது. வேலை செய்யுது என்று மட்டும் தெரியும். 1970-களில்தான் துப்பு கிடைத்தது. அது பிடிக்கிற ஜீனை அடையாளம் காட்டியது 1994-ல். ஆக, கொழுப்பின் மேல் முதல் அடியை, கொழுப்பு என்று தெரியாமலேயே நம்ம ஊரில் அடித்துவிட்டார்கள்!

காஞ்சிக்கும் இதில் பங்கு உண்டு. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பி.சி.ஜி. தடுப்பூசி பெரியவர்களை டி.பி.யிலிருந்து காப்பாற்றுகிறதா என்று பார்க்க உலகின் மிகப் பெரிய பரிசோதனைகளில் ஒன்று தொடங்கியது. அந்த வருஷம்தான் மாவட்டத்தின் தலைநகரமாக காஞ்சிபுரம் ஆனது. சுமார் 2 லட்சத்து 60 ஆயிரம் பேர் கையை நீட்டினார்கள். 15 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். விடை, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கவில்லை. குழந்தைகளை டி.பி. மூளைக்காய்ச்சல் மாதிரி கடுமையான வகைகளிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது, அதனால் இன்றும் போடுகிறார்கள். ஆனா ஊசியை மட்டும் நம்பி உட்கார முடியாது என்று உலகத்துக்குச் சொன்னது நம் தாத்தா பாட்டிகளின் கைகள்தான். தடுப்பூசி தடுக்காத இடத்தில், மருந்துதான் கவசத்தை உடைக்கணும்.

ரெண்டு மாசத்தில் இருமல் போச்சே!

எங்க தெருவில் ஒரு நெசவாளர் அண்ணன். டி.பி. என்று மாத்திரை ஆரம்பித்தார். ரெண்டு மாசத்தில் இருமல் போச்சு, உடம்பு தேறியது. 'இனி எதுக்கு மாத்திரை? வயித்தைப் புரட்டுது' என்று நிறுத்திவிட்டுத் தறியில் உட்கார்ந்துவிட்டார். சில மாசத்தில் இருமல் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து டெஸ்ட், மாத்திரை. கல்யாண சீசன் முழுக்கத் தறி சும்மா கிடந்தது. அண்ணி வட்டிக்கு வாங்கி வீட்டை ஓட்டினார். இப்போது முழுசாக முடித்து, நன்றாக இருக்கிறார்.

அவர் நிறுத்தியது சோம்பேறித்தனத்தால் இல்லை. 'இருமல் போனாலும் கிருமி போகவில்லை' என்பதற்குக் காரணத்தை யாரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. நான் சொல்லிப் பார்க்கிறேன்.

மருந்து ஆரம்பித்ததும் முதலில் சாவது, சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகள். அவை போனதும் இருமல் அடங்கும். ஆனா ஒரு கூட்டம் பெருகாமல் பதுங்கி விடும். எங்கே? கிருமியை விழுங்கிக் கொல்ல வரும் நம் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே! அந்தச் செல்களில் சில, கொழுப்புத் துளிகள் நிரம்பி நுரை மாதிரி ஆகிவிடும். இதே மாதிரி நுரைச் செல்கள்தான் ரத்தக் குழாயில் கொழுப்பு படியும்போதும் உருவாகின்றன. பதுங்கிய கிருமிக்கு அது மெஸ்ஸோடு சேர்ந்த ஹாஸ்டல். நம் கொலஸ்ட்ராலையே தின்றுதான் அது நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது என்று 2008-ல் ஒரு ஆராய்ச்சி காட்டியது. அமெரிக்காவில் வேலை பார்த்த இந்திய லிப்பிட் விஞ்ஞானி பி.ஈ.கொலத்துக்குடியின் குழு, தூங்கப் போகும் கிருமி தனக்குள் கொழுப்பைச் சேமித்து வைப்பதை 2004-ல் காட்டியது. குளிர்காலத்துக்கு முன்னால் கரடி கொழுப்பு சேர்க்கிற மாதிரி!

பெருகும் கிருமியைத்தான் பல மருந்துகள் நன்றாகப் பிடிக்கும். ஐசோநயசிட்டே அப்படித்தான். புதுச் சுவர் கட்டாத கிருமியிடம், சுவர் கட்டும் தறியை நிறுத்தி என்ன பிரயோஜனம்? தூங்குகிறவன் எழுந்து வரும் வரை காத்திருந்து அடிக்கணும். அதனால்தான் சாதாரண டி.பி.க்கு முதல் இரண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து என்று ஆறு மாசம். நடுவில் விட்டால் பதுங்கியவன் எழுந்து வருவான். விட்டு விட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கு அடங்காத டி.பி.யாகவும் மாறலாம். அதற்கு மருந்தும் வேறு, கஷ்டமும் அதிகம்.

இந்த ஆறு மாசத்தைச் சுருக்கணும் என்றால் கிருமியின் கொழுப்புக் கணக்கு முழுசாகப் புரியணும். கோகலே மாதிரி ஆட்கள் ஒரு ஜீனுக்கும் பக்கத்து ஜீனுக்கும் என்ன உறவு என்று மண்டையை உடைத்துக்கொள்வது, எங்க தெரு அண்ணனின் தறி சும்மா கிடக்கிற நாட்களைக் குறைக்கத்தான்.

நாம என்ன செய்யலாம்?

'நான் இன்ஜினீயரிங், எனக்கும் பயாலஜிக்கும் ப்ளஸ் டூவோடு டாட்டா' என்கிறீங்களா? மேலே ஒரு தடவை திரும்பிப் பாருங்க. போல்ட்டு, அசெம்பிளி லைன், கம்ப்யூட்டர் கணக்கு, எக்ஸ்-ரே... எதில் நமக்கு வேலை இல்லை? லிப்பிட்களை எடை போட்டு அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் அதிசயம். அதிலிருந்து கொட்டும் டேட்டாவைப் பிரிக்கக் கோடு எழுதத் தெரிந்தவர் வேண்டும்.

வழியும் இருக்கு. நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு இன்ஜினீயரிங் மாணவர்களும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் ஒரு விஞ்ஞானியின் லேபில் இரண்டு மாசம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பிடித்துப் போனால், கேட் எழுதி இந்திய அறிவியல் கழகம், ஐ.ஐ.டி. என்று ஆராய்ச்சிக்குப் போகலாம். பிளேஸ்மென்ட் மாதிரி நாலாவது வருஷத்திலேயே கையில் ஆர்டர் கிடைக்காது. பிஹெச்.டி. முடிக்கவே அஞ்சு, ஆறு வருஷம் ஆகும். வீட்டில் 'எப்படா சம்பாதிக்கப் போறே?' என்பார்கள். அதையும் தெரிந்துகொண்டே முடிவெடுங்க.

ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ஹாஸ்டல் ரூம் மேட், மெஸ் அண்ணன், பக்கத்து வீட்டு அக்கா... யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? 'சிரப் குடி, சரியாயிடும்' என்று விடாமல், அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்க. சளி டெஸ்டும் இலவசம், மருந்தும் இலவசம். டி.பி. என்று தெரிந்தால் ஒதுக்காதீங்க. அது காற்றில் பரவும் நோய்தான், ஆனா சரியான மருந்து ஆரம்பித்தால் பரப்பும் சக்தி சீக்கிரமே குறைந்துவிடும். ஜன்னலைத் திறந்து வைங்க. மூணாவது மாசம் அவர் 'எனக்குத்தான் சரியாயிடுச்சே' என்று மாத்திரையை மூடி வைத்தால், மைக்காலிக் ஆசிட், நுரைச் செல் எல்லாம் சொல்லிப் புரிய வைங்க.

அதற்கும் மசியவில்லையா? உரிமையோடு, 'கிருமியைவிட உனக்குக் கொழுப்பு ஜாஸ்தியா? ஒழுங்கா முழுங்கு!' என்று ஒரு அதட்டுப் போடுங்க. ஆறாவது மாசக் கடைசி மாத்திரை வரைக்கும்!